சொந்த ஊரில் ஓட்டல் அறை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் ஆரம்பிச்சா மணி அடிச்சாலும் நிறுத்த மாட்டாங்க" என்று நீங்கள் பேசிக்கொண்டது அப்போதே என் காதில் விழுந்ததுதான். நேரம் கிடைக்கும்போது படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். பதில் தெரிந்தவர்கள் அவசியம் எழுத வேண்டும்.

முதலில் உறவுகளிடம் மன்னிப்பு. தை மாதம் பெரியக்கா பேத்தி கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் வந்தவள் யார் வீட்டுக்கும் வராமல் ஓட்டலில் தங்கினேன் என்று உங்களுக்கெல்லாம் வருத்தம். "ஏன் அண்ணி, எங்க வீட்ல பாய் இல்லையா, தலகாணி இல்லையா?" என்று தம்பி மனைவி மண்டபத்திலேயே கேட்டுவிட்டாள். நான் கேட்டு வாங்கிய அறை இல்லை அது. மகன் கோயம்புத்தூரிலிருந்தே கைபேசியில் பதிவு செய்துவிட்டான். "அம்மா, உனக்கு முட்டி வலி. அங்க எல்லார் வீட்லயும் மாடிப்படி. அதோட இந்த ஓட்டல் உனக்குன்னே கட்டின மாதிரி இருக்கு, பாரு" என்று படம் காட்டினான். தஞ்சாவூரின் கலைகளை வைத்தே ஒவ்வோர் அறையையும் அலங்கரித்திருக்கிறார்களாம். முதல் மாடி சோழர், இரண்டாம் மாடி நாயக்கர், மூன்றாம் மாடி மராத்தியர். எனக்குச் சோழர் அறை.

நான் 35 வருஷம் பாடம் நடத்திய ஊர் அது. கரந்தையில் எங்கள் வீடு. உங்களில் பாதிப் பேர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள். வீட்டுக்காரர் காலமான பிறகு, 2019இல் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போனேன். இப்போது அதே ஊரில் ஆதார் அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, சாவிக்குப் பதில் ஓர் அட்டையை வாங்கிக்கொண்டு நின்றபோது எப்படியோ இருந்தது. வரவேற்பில் இருந்த சின்னப் பெண் சிரித்த முகத்தோடு, "தஞ்சாவூருக்கு ஃபர்ஸ்ட் டைமா மேடம்?" என்று கேட்டாள். என்ன சொல்வது? "இல்லம்மா" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

குறை சொல்வதற்கு முன்னால் நிறையைச் சொல்லிவிட வேண்டும். விடைத்தாள் திருத்தும்போது நான் அப்படித்தானே செய்வேன்?

முதல் மாடி நடையில் பெரிய கோயில் ஓவியங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கருவறையைச் சுற்றியுள்ள இருட்டான உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்கள் அவை. அவற்றின் மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அடியில் பழைய ஓவியம் இருப்பதை 1931இல் கண்டுபிடித்துச் சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி. பிறகு மேல் அடுக்கைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, அடியில் இருப்பதை வெளியே கொண்டுவந்தார்கள். பொதுமக்களை அந்தச் சுற்றுக்குள் விடுவதில்லை. நானும் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். கோயிலுக்கு ஐந்து நிமிஷ தூரத்தில் அத்தனை வருஷம் இருந்தும் காணக் கிடைக்காத சுந்தரரையும் திரிபுரம் எரித்தவரையும், லிப்டிலிருந்து அறைக்குப் போகும் வழியில் நின்று நிதானமாகப் பார்த்தேன். மகன் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். அந்த நடைக்காக ஓட்டலுக்கு நூற்றுக்கு நூறு.

இனி அறை.

கதவைத் திறந்ததும் எதிரே கட்டில். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கோயில் கல்வெட்டின் புகைப்படம், தரையிலிருந்து கூரை வரை. ஒரு பக்கம் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன், தங்க ரேக்கும் கல்லும் வைத்த தஞ்சாவூர் ஓவியம். இன்னொரு பக்கம் கலைத்தட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் நெட்டியில் செய்த பெரிய கோயில். மேசை மேல் ராஜா ராணித் தலையாட்டி பொம்மைகள் இரண்டு.

எங்கள் வீட்டிலும் ஒரு ஜோடி இருந்தது, நினைவிருக்கிறதா? சன்னலோரத்தில் இருக்கும். மின்விசிறி போட்டால் தானாக ஆடும். சரியாகப் பதில் சொன்ன பிள்ளைக்கு அதை ஒரு தட்டுத் தட்டலாம் என்பதுதான் நான் கொடுத்த பரிசு. பழக்க தோஷத்தில் ராணியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன். ஆடவில்லை. குனிந்து பார்த்தால் அடியில் பசை போட்டு மேசையோடு ஒட்டியிருக்கிறார்கள். அடிப்பாகம் கனமாக இருப்பதால்தான் அந்தப் பொம்மை எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். அதன் வேலையே அதுதான். அதைப் போய் ஒட்டிவைத்தால், கால் கட்டிய பிள்ளை மாதிரி நிற்கிறது.

மேசையில் வழவழப்பான ஓர் அட்டை, 'உங்கள் அறையைப் பற்றி' என்று. சிவப்பு மை இல்லாத குறைதான். சோழர் அறை என்கிறார்கள். ஆனால் தஞ்சாவூர் ஓவியமும் தலையாட்டி பொம்மையும் ராஜராஜன் கண்ணால் பார்த்தவை இல்லை. தங்க ரேக் ஒட்டும் இந்த ஓவியம் வளர்ந்தது நாயக்கர், மராத்தியர் காலத்தில். கோயிலில் இப்போது நாம் பார்க்கும் பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தது. அட்டையில் அதையும் சோழர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அதுகூடப் போகட்டும். கடைசி வரியில், 'இக்கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்று போட்டிருந்தது.

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுருக்கென்றது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ராத்திரி படுக்கும்போது அந்தக் கல்வெட்டைப் படிக்க முயன்றேன். ராஜராஜன் காலத்து எழுத்து அழகானது. புள்ளி இருக்காது, எ ஏ, ஒ ஓ வேறுபாடு தெரியாது. ஆனாலும் பொறுமையாகப் பார்த்தால் க, ட, ப, வ எல்லாம் பிடிபட்டுவிடும். வருஷாவருஷம் ஐந்தாம் வகுப்பைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போய் அந்த எழுத்துகளைத் தேடச் சொன்னவள் நான். அன்றைக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. கண்புரை அறுவை செய்த கண். இனி அவ்வளவுதான் போலிருக்கிறது என்று விளக்கை அணைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அழுகைகூட வந்தது.

காலையில் குளித்துவிட்டு, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இருந்த நிலைக்கண்ணாடியில் தலை சீவினேன். எனக்குப் பின்னால் கல்வெட்டு தெரிந்தது. சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் எழுத்துகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன! வீ, டு. ப, ங், கு. படத்தை இடம் வலம் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். சுவர் முழுக்க எழுத்து திரும்பி நிற்கிறது. எத்தனை பேர் அந்தக் கட்டிலில் படுத்து எழுந்து போனார்களோ. என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததில் வந்த சந்தோஷம், அச்சடித்தவர் மேல் வந்த கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நாற்காலியைச் சுவருக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தே படித்தேன். வரிக்கு வரி 'நக்கன்', 'வீடு', 'பங்கு ஒன்று' என்று வந்துகொண்டே இருந்தது. எந்தச் சுவர் என்று புரிந்துவிட்டது. கோயிலில் எத்தனையோ கல்வெட்டுகள் இருக்கின்றன. இவர்கள் அழகுக்கு என்று எடுத்துப் போட்டது அந்த 400 பெண்களின் பட்டியல்.

மறந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். 1010இல் கோயில் முடிந்தது. ராஜராஜன் சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களை வரவழைத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் குடியமர்த்தினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு சொல்லும். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு நூறு கலம் நெல். கூட்டிவந்தேன், நெல் கொடுத்தேன் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று 400 பேருக்கும் கல்லில் வெட்டி வைத்தான். தெற்குத் தெருவின் தென்சிறகில் தலைவீடு, அதாவது முதல் வீடு, திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கையுடையது. அவள் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆயிரம் வருஷம் கழித்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாரம்மா அவள் வீட்டைச் சொல்ல முடிகிறது.

அவர்கள் மட்டும் இல்லை. நட்டுவனார், குழல் ஊதியவர், கணக்கர், தையல்காரர், கன்னார், குயவர், துணி வெளுப்பவர், நாவிதர் என்று வேலை செய்தவர்கள் பட்டியலும் பங்கோடு இருக்கிறது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது. கோயிலுக்குத் தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னவன் அவன். வருகைப் பதிவேடு என்றால் அதுதான் வருகைப் பதிவேடு.

காலைச் சாப்பாட்டின்போது மகனிடம் இதைச் சொன்னேன். பொங்கலை மென்றுகொண்டே, "அம்மா, அது வால்பேப்பர். டிசைனுக்காகப் போட்டது. யாரும்மா உக்காந்து படிக்கப்போறா?" என்றான். ஒரு விதத்தில் அவன் சொல்வது சரி. ஆனால் 400 பெண்களின் வீட்டு வரிசையை யார் படிக்கப்போகிறார்கள் என்று அன்றைக்கு ஒருவன் நினைத்திருந்தால்? நான் பதில் சொல்லவில்லை. இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

அன்று பகல், முகூர்த்தம் முடிந்து முட்டி வலியோடு அறைக்கு வந்து படுத்திருந்தேன். கதவைத் தட்டி, அறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வந்தாள். சீருடை, தலையில் வலை, நாற்பதை நெருங்கும் வயது. துண்டை மடித்து வைத்தவள் என்னைப் பார்த்தாள், திரும்பினாள், மறுபடி பார்த்தாள்.

"டீச்சர்?"

எழுந்து உட்கார்ந்தேன். முகம் தெரிந்த முகம்தான். பெயர் வரவில்லை. 35 வருஷம் தினமும் காலையில் பெயர் வாசித்தவளுக்கு, எதிரில் நிற்கும் பிள்ளையின் பெயர் வரவில்லை. என் தடுமாற்றத்தைப் பார்த்து அவளே கைகொடுத்தாள். "நான் 23ஆம் நம்பர் டீச்சர். சன்னலோரம், ரெண்டாவது பெஞ்சு."

எண்ணைச் சொன்னதும் பெயர் வந்துவிட்டது. சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். (அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்று சொல்கிறேன். எண்ணையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். பழைய புகைப்படத்தை எடுத்துவைத்துக்கொண்டு தேடாதீர்கள்.)

உட்கார் என்றால் உட்கார மாட்டேன் என்கிறாள். "கேமரா இருக்கு டீச்சர், வாசல்ல. ரொம்ப நேரம் நிக்கக்கூடாது" என்றாள். அப்புறம் மேசையில் இருந்த அந்த அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "நிழல் விழாதுன்னு இன்னும் போட்டிருக்காங்க, பாத்தீங்களா?"

சுருக்கென்றது என்றேனே, அது இதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் பல வருஷங்கள் நானும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். என் ஆசிரியர் எனக்குச் சொன்னது, நான் உங்களுக்குச் சொன்னேன். ஒரு வருஷம் சுற்றுலா போய்வந்த மறுநாள் வகுப்பில் இந்தப் பிள்ளை எழுந்து, "டீச்சர், நிழல் விழுது டீச்சர். நான் அதுலதான் நின்னு சாப்பிட்டேன்" என்றாள். 216 அடி உயர விமானம். வெயில் அடித்தால் நிழல் விழாமல் எங்கே போகும்? ஆனால் நான் என்ன செய்தேன்? "அதிகப்பிரசங்கி, உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அடுத்த வருஷம் கோயிலுக்குப் போனபோது தனியாகப் போய்ப் பார்த்தேன். நிழல் புல்தரையில் நீளமாகக் கிடந்தது. அதற்குப் பிறகு வந்த வகுப்புகளுக்கெல்லாம், "நிழல் விழும், போய் நின்று பாருங்கள்" என்று சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அதைக் கண்டுபிடித்த பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லவே இல்லை. அவள் அதற்குள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

அதைத்தான் அந்த அறையில் சொன்னேன். "நீ சொன்னதுதான்மா சரி. நான்தான் தப்பு."

"அட விடுங்க டீச்சர், அதெல்லாம் எப்பவோ" என்றாள். ஆனால் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

பேச்சு மாற்றுவதற்காகவோ என்னவோ, கிருஷ்ணன் படத்தைத் துடைக்கப் போனாள். துணியால் துடைக்கவில்லை. மெல்லிய தூரிகையை எடுத்து மேலிருந்து கீழாகத் தூசி தட்டினாள். "துணி போட்டா கல்லு வந்துரும் டீச்சர்." இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். ஓட்டல் வேலைக்கு வருவதற்கு முன் 11 வருஷம் ஓவியப் பட்டறையில் இருந்திருக்கிறாள்.

தஞ்சாவூர் ஓவியம் ஒரு கையால் ஆவதில்லை. பலகையில் துணி ஒட்டி மாவு பூசுவது ஒருவர். கோடு போடுவது ஒருவர். சுக்கான் தூளையும் பசையையும் குழைத்து, நகையும் தூணும் வளைவும் புடைப்பாக எழும்பும்படி வைப்பதும் கல் ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். அதன் மேல் தங்க ரேக். பிறகு வண்ணம். கடைசியில் முகமும் கண்ணும் எழுதுவது பெரியவர். இவள் சுக்கான் வேலையும் கல் வேலையும் செய்தவள். படத்துக்கு இவ்வளவு என்று கூலி. படம் போனால்தான் காசு. மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட மாதச் சம்பளம் வேண்டியிருந்ததால் இங்கே வந்துவிட்டாள்.

"இந்தப் படம் எங்க பட்டறையில இருந்து வந்ததுதான் டீச்சர். தூண் ஓரத்துல கல்லு வச்சிருக்கிற வரிசையப் பாத்தாலே தெரியும். நான் ஒட்டுனதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். மூணு பேர் ஒட்டுவோம். மூணு பேர்ல ஒருத்தி."

"இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்கு டீச்சர்? தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

தான் கல் ஒட்டிய படமாக இருக்கக்கூடிய ஒன்றைத் தினமும் தூசி தட்டிவிட்டுப் போகிறாள். எதிரே நாற்பது அடி நடையில் ஆயிரம் வருஷத்து ஓவியம். தலைமாட்டில் 400 பெண்களின் பெயர், தலைகீழாக இல்லாவிட்டாலும் இடம் வலமாக. இவள் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. நான் இதை முகநூலில் எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுங்க டீச்சர். பேர் மட்டும் வேணாம். ரூம்ல நின்னு கெஸ்ட்டோட பேசுனேன்னு ஆயிடும். அங்கயும், பட்டறை விஷயத்த வெளிய சொன்னேன்னு ஆயிடும்" என்றாள். ஆகவே பெயர்களைப் பற்றிய இந்தப் பதிவிலும் அவள் பெயர் இல்லை. எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் அது அவள் பெயர். எங்கே எழுத வேண்டும், எங்கே கூடாது என்பது அவள் முடிவு. இதே காரணத்தால் ஓட்டல் பெயரும் இல்லை. தயவுசெய்து தனிச் செய்தியில் கேட்காதீர்கள்.

கிளம்பும்போது கருத்துப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று டிக் அடிக்க வேண்டும். நான் பின்பக்கத்தைத் திருப்பி வரிசையாக எழுதினேன். ஒன்று, நடையில் உள்ள ஓவியங்கள் மிக நன்று. இரண்டு, தலைமாட்டுக் கல்வெட்டு இடம் வலம் மாறியுள்ளது, சரிசெய்யவும். மூன்று, விமானத்தின் நிழல் தரையில் விழும். நான்கு, தலையாட்டி பொம்மையைத் தலையாட்ட விடவும். ஐந்து, ஒவ்வோர் ஓவியத்தின் கீழும் அதைச் செய்தவர்கள் பெயரை ஒரு சிறு அட்டையில் எழுதி வைக்கவும், செய்தவர்கள் சம்மதித்தால்.

மேலாளர் நல்ல பையன். பொறுமையாகப் படித்தார். கல்வெட்டைத் தன் கைபேசியில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஐயோ, ஆமா மேடம்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பொம்மையைக் குழந்தைகள் கீழே தள்ளி உடைத்துவிடுகிறார்களாம், அதனால் ஒட்டினார்களாம். ஐந்தாவதில்தான் நின்றுவிட்டார். "எந்தக் கடையில வாங்கினோம்னு பில் இருக்கு மேடம். யார் பண்ணினாங்கன்னு கடையிலயே கேட்டாத்தான் தெரியும். அவங்க சொல்லுவாங்களான்னு தெரியல." பொய் சொல்லாமல் சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து 23ஆம் நம்பரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. "டீச்சர், பொம்மையப் பேத்து எடுத்துட்டாங்க. இப்ப ஆடுது. தூசி தட்டுறப்ப தினம் ஒரு தட்டுத் தட்டிட்டு வர்றேன். நிழல் அட்டையும் எடுத்துட்டாங்க. சுவரு அப்படியேதான் இருக்கு. ஓவியத்துக்குக் கீழ ஒண்ணும் வைக்கல." நாலில் இரண்டு. நான் தேர்ச்சி போட்டுவிடுவேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் கோயம்புத்தூர் திரும்பிய அன்று ராத்திரி ஒன்று நடந்தது. கூடத்தில் என் நாற்காலிக்கு மேலே ஒரு தஞ்சாவூர் ஓவியம் மாட்டியிருக்கிறது. சரஸ்வதி, கையில் வீணை. 2017இல் நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் எல்லாரும் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தீர்களே, அது. எட்டு வருஷமாகத் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். மகனை விட்டுக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பழுப்பு நிறத்தாள் ஒட்டி, ஒரு கடையின் முத்திரை பாதி அழிந்துபோய் இருக்கிறது. விலையைப் பேனாவால் அடித்திருக்கிறீர்கள், நான் பார்க்கக்கூடாது என்று. வேறொன்றும் இல்லை. ஓட்டல்காரரைக் கேட்டேனே, யார் செய்தது என்று. என் வீட்டுச் சுவரில் இருப்பதை யார் செய்தது என்று எனக்கே தெரியாது. எட்டு வருஷத்தில் கேட்கவும் தோன்றவில்லை.

படத்தைத் திரும்ப மாட்டியபோது கவனித்தேன். வளைவு ஓரத்தில் சிவப்புக் கல், வெள்ளைக் கல், இரண்டு பச்சை, மறுபடி சிவப்பு. ஒருத்தி குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டிய வரிசை அது.

அதனால் என் கேள்வி இதுதான். அந்தப் படத்தை வாங்கப் போன பிள்ளைகள் யார் யார்? எந்தத் தெருவில், எந்தக் கடை? பில் இருந்தால் இன்னும் நல்லது. சித்திரையில் மறுபடி தஞ்சாவூர் வருகிறேன், இந்த முறை தம்பி வீட்டில்தான் தங்குவேன், கோபம் வேண்டாம். கடைக்குப் போய்க் கேட்கப்போகிறேன். அவர்கள் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். சொன்னால், செய்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைக்கப்போகிறேன். மாவு பூசியவர், கோடு போட்டவர், கல் ஒட்டியவர், கண் எழுதியவர், எல்லாரையும்.

இதைப் படிக்கும் 23ஆம் நம்பருக்கு: உன் பெயரும் என் பதிவேட்டில் இருக்கிறதம்மா. இந்த முறை மறக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்